கோடாரி எறியும் கை

ஷார்ஜா
10 மார்ச் 2006

அன்புள்ள ரினியின் அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் இங்கே எனக்குச் சுகம். நீங்களும் ரினியும் மாமியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முதுகுவலி குறைந்ததா? படகு எஞ்சினைத் தனியாகத் தூக்காதீர்கள் என்று போனில் சொன்னால் "சரி சரி" என்கிறீர்கள். போனில் வேறு என்னதான் பேச முடிகிறது? உங்கள் பக்கத்தில் மாமி நிற்கிறார்கள், என் பக்கத்தில் ரூம்காரிகள் நிற்கிறார்கள். அதனால்தான் ஊருக்குப் போகிறவர்கள் யார் அகப்பட்டாலும் கடிதத்தைக் கையில் திணித்துவிடுகிறேன்.

இங்கே ஒரு சின்ன மாற்றம். என்னை வார்டிலிருந்து எடுத்துக் கீழே ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். பெயர், வயது, என்ன கோளாறு என்று கேட்டு எழுதும் வேலை. கொஞ்ச நாளைக்குத்தான். நைட் டியூட்டி கிடையாது, உடம்புக்கு நல்லதுதான்.

இன்னொரு சங்கதி, சிரிக்கக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஹாலிதா என்று காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை, "அக்கா, ரூம்லயே கெடந்து சொவத்தப் பாத்துட்டு இருக்காதீங்க, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். தொழில்பேட்டையில் டயர் குடோனுக்குப் பின்னால், சுற்றிலும் மதில் எழுப்பிய ஓர் இடம். அடிமரத்தைக் குறுக்காக அறுத்து, வட்டம் வட்டமாகப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர், பிலிப்பினோ, நம்மாட்கள் என்று எல்லோருமாக அதில் கத்தி எறிகிறார்கள். பொழுதுபோக்காம். ஹாலிதாவின் மாப்பிள்ளை மீராசா அங்கே வெல்டர். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அவர்தான் கத்திகளைச் செய்கிறார்.

என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். முதலில் எறிந்ததெல்லாம் மண்ணில் விழுந்தது. ஒன்று மட்டும் டக்கென்று மரத்தில் நின்றுவிட்டது. எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று புரியவில்லை. மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ரினிக்கு முத்தம். இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள்.

உங்கள் ஜெபகனி

*

முட்டம்
29 மார்ச் 2006

அன்புள்ள ஜெபா,

இங்கே எல்லோரும் சுகம், என் முதுகைத் தவிர. ரினிக்கு ஒரு பல் ஆடுகிறது, பிடுங்க விடமாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று நாளாக வாசிக்கிறேன், தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கத்தி எறிவதற்கு விமானம் ஏறி ஷார்ஜா போக வேண்டுமா? நம்மூர் மீன்சந்தையில் நின்றால் தினமும் பார்க்கலாமே! மரத்தில் கத்தியைக் குத்தி வைப்பதில் அந்த வெள்ளைக்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது? அந்த மரம் அவர்களை என்ன செய்தது?

அதைவிடப் புரியாதது அந்தக் கவுண்டர் சமாச்சாரம். உன்னை எதற்கு வார்டிலிருந்து எடுத்தார்கள்? ஊசி போடத் தெரியாதவளையா வேலைக்குச் சேர்த்தார்கள்! நம் தெருவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இன்றைக்கும் "ஜெபகனி அக்காக்க கையி மாதிரி வராது" என்கிறார்கள். நேற்றுகூட மேரித்தங்கத்தின் பையன் ஆஸ்பத்திரியில் நர்சைக் கடித்துவிட்டு ஓடி வந்துவிட்டான். உன் கைராசி அப்படி. எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய டாக்டர்களிடம் போய் நேராகக் கேள்.

டிசம்பரில் லீவு உண்டல்லவா? ரினி இப்போதே காலண்டரில் கோடு போடத் தொடங்கிவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

உன் கிறிஸ்துதாஸ்

*

ஷார்ஜா
21 ஏப்ரல் 2006

அன்புள்ள ரினியின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். ரினியின் பல் விழுந்ததா?

கத்தியை விட்டுக் கோடாரிக்கு வந்துவிட்டேன். விறகு வெட்டுகிற கோடாரி என்று நினைக்காதீர்கள். சின்னது, நேரான பிடி, ரினிகூடத் தூக்கிவிடுவாள். டொமஹாக் என்கிறார்கள். அந்த இடத்தை நடத்துகிறவர் டெரிக் என்ற தென்னாப்பிரிக்கக்காரர், பக்கத்து வொர்க்‌ஷாப்பில் மேலாளர். எங்களோடு பழகிப் பழகி அரைகுறை இந்தி பேசுவார். நான் முழுபலத்தோடு எறிந்தபோதெல்லாம் பிடிதான் போய் இடித்தது. டெரிக், "ஆராம் ஸே, சிஸ்டர், ஆராம் ஸே", அதாவது மெதுவாக என்று சொல்லி என்னை ஓர் எட்டுப் பின்னால் நிற்க வைத்தார். பலம் வேண்டாமாம். கோடாரி காற்றில் ஒருமுறை சுழன்று போய் மரத்தைச் சேர எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும். பிறகு கையைத் திறந்துவிட வேண்டியதுதான். அந்தத் தூரம் ஆளுக்கு ஆள் மாறுமாம். என்னுடையது எது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

வெட்டுவாய் நடு வட்டத்தில் இறங்கினால் ஐந்து புள்ளி. பிடி இடித்துக் கீழே விழுந்தால் ஒன்றுமில்லை. தெறித்து வரும் என்பதால் கோட்டுக்குப் பின்னால்தான் எல்லோரும் நிற்க வேண்டும். மற்ற நாளெல்லாம் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது.

இந்தக் கடிதத்தை பஸ்ஸில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

ரினியைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஜெபகனி

*

முட்டம்
12 மே 2006

அன்புள்ள ஜெபா,

சுகம். ரினியின் பல் விழுந்தது, ஓட்டில் எறிந்தாயிற்று. இந்தக் குடும்பத்தில் எறியாத ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்து நானும் எறிந்து பார்த்தேன்.

வெட்டுகத்தியை எடுத்துப் பின்னால் நிற்கும் தென்னையில் எறிந்தேன். பிடி போய் இடித்தது. ஓர் எட்டுப் பின்னால் போனேன், அப்போதும் பிடிதான் இடித்தது. முன்னால் வந்தேன், தெறித்துப் போய் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையைக் கிழித்தது. அதற்கு அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இதில் உனக்கு என்ன சுகம் கிடைக்கிறது என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, விளையாட்டை விடு. நான் கேட்டதற்கு நீ ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. எதற்குக் கவுண்டரில் போட்டார்கள்? இத்தனை மாதம் ஆயிற்று, கொஞ்ச நாள் என்றாயே. டெரிக் நிற்கச் சொன்ன இடம், டெரிக் சொன்ன தூரம் என்று கடிதம் முழுக்க அவன்தான் இருக்கிறான். நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனால் வாசிக்கிறவனுக்கு என்ன தோன்றும் என்று நீயும் யோசிக்க வேண்டும்.

உன் எழுத்தைப் பார்த்து ரினி, "அம்மாக்கு யாராச்சும் எழுதிக் குடுத்தாவளா?" என்று கேட்டாள். எப்போதும் அச்சடித்ததுபோல் எழுதுகிறவள் நீ. எல்லாக் கடிதத்தையும் பஸ்ஸிலா எழுதுகிறாய்?

உன் கிறிஸ்துதாஸ்

*

ஷார்ஜா
9 ஜூன் 2006

அன்புள்ள ரினியின் அப்பாவுக்கு,

எனக்குச் சுகம். வெயில் மட்டும் தாங்க முடியவில்லை. அங்கே மழை தொடங்கியிருக்குமே, கடலுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

நவம்பரில் ஒரு போட்டி இருக்கிறது. தோஹா தொழில்பேட்டையிலிருந்து ஓர் அணி வருகிறதாம். எங்கள் அணியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தோடு அணிப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் நிற்கும் நரைத்த தலைதான் டெரிக். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டிசம்பரில் வர முடியும் என்று தோன்றவில்லை. லீவு இப்போது கேட்க முடியாத நிலைமை. ரினியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஜெபகனி

*

முட்டம்
2 ஜூலை 2006

ஜெபா,

எல்லோருக்கும் சுகம். ஆனால் இந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

நீ அனுப்பிய படத்தை அம்மா எடுத்துவிட்டார்கள். நான் எஞ்சின் வேலையாகக் குளச்சல் போயிருந்தேன். மருமகள் கையில் கோடாரியோடு நிற்கிறாள், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன், சுற்றிலும் கத்தியோடு ஆட்கள். அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேரே கோவிலுக்குப் போய், பூசையில் உனக்காக மன்றாடச் சொல்லிப் பூசைக் கருத்து கொடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டே சொன்னதை உபதேசியார் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார். ஞாயிறு பூசையில் மைக்கில், ஊர் முழுக்கக் கேட்க வாசித்தார்: "ஷார்ஜாவில் ஆயுதம் எடுத்திருக்கும் நம் பங்கு மகள் ஜெபகனி மனந்திரும்பவும், சிறை மீண்டு குடும்பத்தோடு சேரவும் மன்றாடுவோம்." மொத்தக் கோவிலும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பாட்டுக்குழுவில் நின்ற நானும் பழக்கதோஷத்தில் சேர்ந்து சொல்லிவிட்டேன்.

சிறை எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். "டிசம்பருக்கு வரமாட்டேங்காளே, அப்ப உள்ளதானடே இருப்பா?" என்கிறார்கள். எனக்கே காரணம் தெரியாதே.

ரினி காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்களிடம் வர உனக்கு விருப்பம் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அதையாவது எழுது. கோடாரியைப் பற்றி இனி எழுதாதே.

கிறிஸ்துதாஸ்

*

முட்டம்
20 ஆகஸ்ட் 2006

அன்புள்ள ஜெபா,

இங்கே சுகம். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் ரூமில் யாரோ எடுத்து "அவங்க டியூட்டி" என்கிறார்கள். கவுண்டர் வேலைக்கு எந்நேரமும் டியூட்டியா?

கோபத்தில் எழுதிவிட்டேன். கோடாரியைப் பற்றி வேண்டுமானால் எழுது. எதையாவது எழுது. நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதினால்கூட இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இருந்தாலும் எழுது.

உன் கிறிஸ்துதாஸ்

*

ஷார்ஜா
15 செப்டம்பர் 2006

அன்புள்ள ரினியின் அப்பாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குச் சுகமில்லை. பிப்ரவரியிலிருந்தே இல்லை.

உங்கள் பூசைக் கருத்து இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. ரெனீஷ் தெரியுமல்லவா, கடற்கரைத் தெரு, இங்கே ஒரு காராஜில் வேலை செய்கிறான். அவன் அம்மா போனில் சொல்லியிருக்கிறார்கள். பாவம், ஒரு சீப்பு வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, கவுண்டரில் அத்தனை நோயாளிகளுக்கு நடுவே, "யக்கா, ஜாமீன் கெடச்சிற்றா?" என்று கேட்டான். மதியத்துக்குள் கதை எங்கள் மலையாளி நர்சிங் சூப்பிரண்டு சந்திரகலா சேச்சி காதுக்குப் போயிற்று. கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். "கோடாரி எறிகிற கை, ஒரு ஊசியைப் பிடிக்காதா ஜெபா?" என்று கேட்டார்கள்.

அதுதான் விஷயம். பிப்ரவரியில் வார்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள், ரினி வயது. குளுக்கோஸ் ஏற்ற நரம்பு பார்த்தேன், கிடைக்கவில்லை. மறு கையிலும் கிடைக்கவில்லை. காலிலும் கிடைக்கவில்லை. பிள்ளை "அம்மா அம்மா" என்று கத்திற்று. டாக்டர் வந்து போட்டார். அவள் நல்லபடியாக வீட்டுக்குப் போனாள், எனக்கு டாட்டாகூடக் காட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஊசியை எடுத்தேன், கை நடுங்கிற்று. அன்றிலிருந்து நடுங்குகிறது. ஊசி, பேனா, டீக் கோப்பை என்று சின்னதாக எதைப் பிடித்தாலும் நடுங்குகிறது. எல்லாச் சோதனையும் செய்து பார்த்து நரம்பில் கோளாறு இல்லை என்றுவிட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதபோது எனக்கு ஏன் இப்படி ஆயிற்று? கோடாரியை எடுத்தால் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? எனக்கும் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரம் கை என் கையாக இருக்கிறது. அதனால்தான் போகிறேன்.

டிசம்பருக்குள் சரியாகவில்லை என்றால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால்தான் லீவு கேட்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் என் கைராசியைப் பற்றி அவ்வளவு பெருமையாக எழுதியிருந்தீர்கள். இந்தக் கையோடு எப்படி ஊருக்கு வருவேன்? வரத் துடிக்கிறேன். வர வெட்கமாக இருக்கிறது.

ஜெபகனி

*

ஷார்ஜா
18 நவம்பர் 2006

அன்புள்ள ரினியின் அப்பாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். என் கடிதம் கிடைத்ததா? ரெனீஷின் நண்பன் உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் வானிலையும் மீன் விலையும் பேசிவிட்டு ரினியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. வெறுத்துவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். வெறுத்திருந்தாலும் எனக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

நேற்றுப் போட்டி நடந்தது. ஹாலிதா, சந்திரகலா சேச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கோட்டில் போய் நின்றேன். தோஹாக்காரர்கள் நன்றாக எறிந்தார்கள், ஒரு நேபாளிப் பையன் கத்தியில் எல்லோரையும் தோற்கடித்தான். என் முறை வந்தபோது கோடாரியைத் தூக்கினேன், கை அசையவில்லை. முதலாவது நடு வட்டத்தில் இறங்கிற்று, இரண்டாவது அதன் பக்கத்தில். கடைசியாக எறிந்தது ஓரத்தில் போய் நின்றது. எனக்கு மூன்றாம் இடம்.

கழுத்தில் பதக்கம் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மீராசா ஒரு பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். வாங்கினேன், கை ஆடத் தொடங்கிற்று. டீ முழுவதும் பதக்கத்தின் மேல் கொட்டிவிட்டது. சந்திரகலா சேச்சி வந்து கப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "மதி ஜெபா, போதும். வீட்டில் போ. ஒரு மாசம் இரு. வந்து என் முன்னால் ஒரு ஊசி போடு. அது வரை உன் கான்ட்ராக்ட் பேப்பரை நான் தொடமாட்டேன்" என்றார்கள்.

ஆகவே டிசம்பர் பதினாறாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஒரே ஒரு வேண்டுதல். வீட்டுக்கு ஊசி போடச் சொல்லி யாரும் வரக் கூடாது. யார் வந்தாலும் நான் உறங்குகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஜெபகனி

*

முட்டம்
1 டிசம்பர் 2006

அன்புள்ள ஜெபா,

அம்மாவுக்கும் ரினிக்கும் சுகம். காலண்டர் பழைய ஆணிக்குத் திரும்பிவிட்டது. என் சுகத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எழுதவில்லை என்கிறாய். எழுதினேன், எழுதி எழுதிக் கிழித்தேன். ஆறுதலாக ஒன்று எழுதினேன், சாமியாரின் பிரசங்கம்போல் இருந்தது. என்னிடம் மறைத்துவிட்டாயே என்று கோபமாக ஒன்று எழுதினேன், அதை வாசித்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. சொல்ல முடியாதபடி செய்தவன் நான்தானே. கைராசி என்று பெருமையாக எழுதி உன் வாயை அடைத்துவிட்டு, பதில் வரவில்லையே என்று உன்னைச் சந்தேகப்பட்டேன். உன்னிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் குளச்சலில் ஒரு லேபுக்குப் போனேன். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை ரத்தம் எடுக்க வந்தது. ஊசியைக் கையில் எடுத்ததுமே அதற்கு நடுக்கம். முதல் தடவை கிடைக்கவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணா, வேற ஆளக் கூப்புடுதேன்" என்றது. "வேற ஆளு வேண்டாம் மக்களே. நீயே எடு, நான் எங்கயும் ஓடமாட்டேன்" என்றேன். மறுபடியும் தவறிற்று. பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. நான் கையை அப்படியே வைத்திருந்தேன். அடுத்ததில் ரத்தம் வந்தது. அழுத முகத்தோடேயே சிரித்தது.

வலித்ததா என்றால் வலித்தது. மீன் முள் குத்துகிற அளவுக்கு வலித்தது, அவ்வளவுதான். இந்த அளவு வலியைக் கொடுத்துவிட்டோமே என்றா நீ இத்தனை மாதம் அந்த ஊரில் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தாய் என்று நினைத்ததும் லேப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சர்க்கரை இல்லை. முழங்கை மடிப்பில் இரண்டு இடம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. என் சுகம் அதுதான்.

ஊசிக்கு யாரும் வரமாட்டார்கள். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், மறுபடி பூசைக் கருத்து கொடுக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்துவிட்டார்கள். நான் மட்டும் ஊசிக்கு வருவேன். எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து என் இரண்டு கையிலும் நரம்பு புடைத்துக் கிடப்பது உனக்குத் தெரியும். சிரிஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். வந்து போட்டுப் பழகு. தவறினால் தவறட்டும், அடுத்த கை இருக்கிறது. நான் இழுத்துக்கொள்ள மாட்டேன்.

பதினாறாம் தேதி நானும் ரினியும் வெளியே நிற்போம்.

உன் கிறிஸ்துதாஸ்